மாங்கூழில் மருந்து வாடை: எந்த ஃபைபர் வாங்குவது?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டைப் பார்க்கிறவர் கேட்டிருப்பது, சுருக்கமாக: “வெளிநாட்டுக்கு அனுப்பிய பெங்களூரா ரக மாங்கூழில் சில டிரம்களில் மருந்து வாடை அடிக்கிறது என்று புகார் வந்திருக்கிறது. எங்களிடம் ஜிசி-எம்எஸ் (ஆவியான பொருட்களைப் பிரித்து, நிறையைக் கொண்டு அடையாளம் காட்டும் கருவி) இருக்கிறது. எஸ்பிஎம்இ ஃபைபர் (வாசனைப் பொருட்களைப் பிடித்து அந்தக் கருவிக்குள் கொண்டுபோகும் பூச்சுள்ள இழை) இரண்டு வாங்க மட்டும் முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். விற்க வந்தவர், சாம்பல் நிற மூன்று பூச்சு ஃபைபர் எல்லாவற்றையும் பிடிக்கும், அது ஒன்றே போதும் என்கிறார். அதை வாங்கிக்கொண்டு மருந்து வாடை, பழ மணம், பூச்சிமருந்து எச்சம் மூன்றையும் பார்த்துவிடலாமா? தர்மபுரியில் ஆராய்ச்சி செய்யும் என் தம்பி தானே கம்பியில் பூச்சு போட்டுத் தருகிறேன் என்கிறான், அது சரிவருமா?”

இரண்டு வாங்குங்கள். சாம்பல் ஒன்று, வெள்ளை ஒன்று. டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்க சாம்பல். அது எவ்வளவு இருக்கிறது என்று எண் சொல்ல வெள்ளை. பூச்சிமருந்துக்கு இரண்டும் வேண்டாம். தம்பியின் கம்பி பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நிறத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்பதெல்லாம் ஃபைபரின் தலையில் இருக்கும் திருகின் நிறம், அதுவும் சுப்பெல்கோ கம்பெனியின் வழக்கம். எங்களைப் போன்றவர்கள் வாயில் அதுவே பெயராகிவிட்டது. வேறு கம்பெனியில் வாங்கினால் நிறம் மாறும். பெட்டியில் எழுதியிருக்கும் பூச்சின் பெயரையும் தடிமனையும் பார்த்து வாங்குங்கள். அப்புறம், உங்களிடம் ஆட்டோசாம்ப்ளர் இருந்தால் 23 கேஜ் ஊசி, கையால் குத்துவதானால் 24 கேஜ். இதை மாற்றி வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்ப முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

இந்த எஸ்பிஎம்இ முறையை 1990இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் யானுஷ் பாவ்லிஷினும் அவருடைய மாணவர் ஆர்தரும் வெளியிட்டார்கள். 1993இல் கடைக்கு வந்தது. ஒரு சென்டிமீட்டர் நீள இழை, அதன்மேல் மெல்லிய பூச்சு, இரண்டும் ஒரு ஊசிக்குள் ஒளிந்திருக்கும். குப்பியின் மூடியைக் குத்தி இழையை வெளியே நீட்டினால் பூச்சு ஆவியிலிருந்து பொருட்களைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இழுத்து ஜிசி இன்ஜெக்டரில் குத்தி மறுபடி நீட்டினால் சூட்டில் எல்லாம் கழன்று, பொருட்களைப் பிரிக்கும் ‘காலம்’ (column) என்கிற நீளக் குழாய்க்குள் போகும். கரைப்பான் இல்லை, வடிகட்டல் இல்லை. பார்க்க அவ்வளவு எளிதாக இருப்பதால்தான் பூச்சைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

பூச்சுகளை இரண்டு சாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பொருள் பூச்சுக்குள்ளேயே ஊறிப் போவது. ஊறுகாயில் மேலே நிற்கும் எண்ணெயில் காரம் இறங்குகிற மாதிரி. சிவப்புத் தலை பிடிஎம்எஸ் என்கிற சிலிக்கோனும் வெள்ளைத் தலை பாலிஅக்ரிலேட்டும் இந்த வகை. பாடப்புத்தகத்தில் இதற்கு உறிஞ்சுதல் என்று பெயர். இன்னொன்று, துளைகளின் சுவரில் பொருள் போய் உட்காருவது. டிவிபி என்கிற டைவினைல்பென்சீன் துகள்களும், கார்பாக்சன் என்கிற துளையுள்ள கரித்துகள்களும் இந்த வகை. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். பெயரில் வித்தியாசம் சிறிதாகத் தெரியும். உங்கள் பிரச்சினையே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்ட இடங்கள் எண்ணி வைத்தவை. முதலில் ஓடி வந்தவன் உட்கார்ந்துவிடுவான். கொஞ்ச நேரத்தில் சம்பந்தி வீட்டார் வந்தால், “தம்பி, அடுத்த பந்தியில உக்காந்துக்கப்பா” என்று எழுப்பிவிடுவார்கள். துளை வகைப் பூச்சில் நடப்பது அதேதான். சிறிய, லேசாக ஒட்டும் மூலக்கூறு முதலில் வந்து உட்காரும்; கனமானதும் இறுக்கமாக ஒட்டுவதும் பின்னால் வந்து அதைக் கிளப்பிவிடும். ஆகவே நீங்கள் தேடும் பொருளின் பீக் (கருவி வரையும் படத்தில் அதன் முகடு) எவ்வளவு பெரிதாக வரும் என்பது அந்தப் பொருளின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. குப்பியில் கூட வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. ஊறுகிற வகையில் இடச்சண்டை ஏறக்குறைய கிடையாது. அளவு இரட்டித்தால் பீக்கும் இரட்டிக்கும், அதுவும் வெகுதூரம் வரை.

மாங்கூழில் கூட இருப்பவர்கள் யார்? டெர்பீன்கள். கூட்டம் கூட்டமாக. மாம்பழ வாசனையின் பெரும்பகுதி அவைதான், ரகத்துக்கு ரகம் அளவும் சேர்க்கையும் மாறும். நீங்கள் தேடுவதோ, என் யூகம் சரியென்றால், குவாயகால்.

மருந்து வாடை, புகை வாடை, ஆஸ்பத்திரி வாடை என்று பழச்சாற்றில் புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அலிசைக்ளோபேசில்லஸ் என்கிற பாக்டீரியாவை. புளிப்பையும் சூட்டையும் விரும்பும் ஜாதி. அதன் வித்துகள் பாஸ்ச்சரைசேஷனில் சாகாது. பழத்திலிருக்கும் வனிலிக் அமிலத்தைக் குவாயகாலாக மாற்றும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். உங்கள் பெங்களூரா கூழ் 14 பிரிக்ஸ் (கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு) சுமாரில் போகிறது, அதில் இது வளர முடியும். 28 பிரிக்ஸ் கான்சன்ட்ரேட்டில் வளராமல் வித்தாகவே கிடக்கும், வாங்கியவர் தண்ணீர் கலந்து ஜூஸ் ஆக்கியபின் வேலையைக் காட்டும். புகார் வந்தவை கூழ் டிரம்களா, கான்சன்ட்ரேட் டிரம்களா என்று பிரித்துப் பார்த்தீர்களா? தகரக் கூரை குடோனில் வெயில் படும் பக்கம் அடுக்கியிருந்தவை எவை என்பதையும் பாருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். சிவப்புத் தலை 100 மைக்ரான் பிடிஎம்எஸ் ஃபைபரில் இருக்கும் பூச்சின் மொத்தக் கன அளவு சுமார் 0.6 மைக்ரோலிட்டர். ஒரு துளியில் எத்தனையோ பங்கில் ஒரு பங்கு. நீங்கள் 10 மில்லி சாம்பிள் எடுத்தால் அது 10,000 மைக்ரோலிட்டர். சாம்பிளுக்கும் பூச்சுக்கும் உள்ள விகிதம் 16,000-க்கு மேல். ஒரு பொருள் தண்ணீரை விட்டு எண்ணெய்க்குள் எவ்வளவு ஆசையாகப் போகும் என்பதைக் காட்டும் ஆக்டனால்-நீர் பங்கீட்டு மதிப்பை பிடிஎம்எஸ்ஸுக்கு உத்தேசமாகப் பயன்படுத்தலாம். டெர்பீன்களில் ஒன்றான லிமோனீனுக்கு அந்த மதிப்பு 30,000 அளவில். குவாயகாலுக்கு வெறும் 20 சுமார். தண்ணீரில் ஃபைபரை முக்கிச் சமநிலை வரும்வரை வைத்தால் லிமோனீனில் மூன்றில் இரண்டு பங்கு பூச்சுக்குள் வந்துவிடும். குவாயகாலில் ஆயிரத்துக்கு ஒரு பங்குதான் வரும். பேப்பரில் பென்சிலால் போட்டுப் பாருங்கள், இரண்டு வரிக் கணக்கு. ஆகவே சிவப்புத் தலை உங்களுக்கு உதவாது. நல்ல உழைப்பாளி, நேர்மையானவன், ஆனால் இந்த வேலைக்கான ஆள் இல்லை. குளோரோஅனிசோல் போன்ற பூஞ்சை வாடைப் பொருள் என்றால் அவனையே கூப்பிடலாம்.

கறுப்புத் தலை கார்பாக்சன்-பிடிஎம்எஸ், மிகச் சிறிய மூலக்கூறுகளுக்கானது. இரண்டு கார்பன் முதல் ஆறு கார்பன் வரை. அதிகம் வெந்த கூழில் வரும் கந்தக வாடை, புளித்த கூழின் அசெட்டால்டிஹைடு இவற்றுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பிடித்ததை லேசில் விடாது. இன்ஜெக்டரை 300 டிகிரிக்கு ஏற்றினாலும் கனமானவை துளைக்குள்ளேயே கிடந்து அடுத்த ஓட்டத்தில் தலைகாட்டும். அந்தச் சூட்டில் மீத்தேன்தயால் இரண்டிரண்டாகச் சேர்ந்து டைமீத்தைல் டைசல்ஃபைடு ஆகிவிடுவதும் உண்டு. பழத்தில் இல்லாத பொருளை நீங்களே செய்து நீங்களே கண்டுபிடித்த கதையாகிவிடும். குவாயகால் ஏழு கார்பன் ஃபீனால். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சாம்பல் தலைக்கு வருகிறேன். இதில் உள்ளே இழையை ஒட்டி 30 மைக்ரான் கார்பாக்சன் அடுக்கு, அதன்மேல் 50 மைக்ரான் டிவிபி அடுக்கு, இரண்டையும் பிடித்து வைக்கும் பசை பிடிஎம்எஸ். பெரிய மூலக்கூறுகளை வெளி அடுக்கே நிறுத்திக்கொள்ளும், சிறியவை நழுவி உள்ளே கரி அடுக்கில் போய்ச் சேரும். யோசித்துச் செய்த பொருள், குறை சொல்ல முடியாது. ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கு மேல் பீக் வரும். விற்க வருகிறவர் டெமோவில் காட்டுவதும் இதைத்தான்: நான்கு ஃபைபர்களின் மொத்த பீக் பரப்பைக் கம்பம் கம்பமாக வரைந்து, சாம்பல் கம்பம்தான் உயரம் என்பார். உண்மைதான். ஆனால் அந்த உயரத்தில் முக்கால்வாசி டெர்பீன். உங்களுக்குப் புகார் வந்தது டெர்பீனைப் பற்றியா?

நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு பரிசோதனைக் கூடத்தில் இதே குவாயகால் வேலை என்னிடம் வந்தது. சாம்பல் ஃபைபர்தான் இருந்தது. பெங்களூரா கூழில் தெரிந்த அளவு குவாயகால் கலந்து ஐந்து புள்ளிகளில் நேர்கோடு போட்டேன். அழகாக வந்தது. அந்தக் கோட்டை வைத்தே அல்போன்சா சாம்பிள்களுக்கும் எண் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு சந்தேகத்தில் அல்போன்சா கூழிலும் அதே ஐந்து புள்ளிகளைப் போட்டுப் பார்த்தால், கோடு படுத்துவிட்டது. ஒரே அளவு குவாயகால், ஒரே ஃபைபர், ஒரே நேரம், ஒரே சூடு. கூழ் மட்டும் வேறு. மணம் மிகுந்த கூழில் கூட்டம் அதிகம், பந்தியில் குவாயகாலை எழுப்பிவிட்டிருக்கிறார்கள். நான் கொடுத்த எண்களெல்லாம் உண்மையை விடக் குறைவு. ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கி வேறு கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தொலைபேசி உரையாடலை இன்னும் மறக்கவில்லை.

பிறகு பாலிஅக்ரிலேட், அதாவது வெள்ளைத் தலை, 85 மைக்ரான். அதில் இரண்டு கூழுக்கும் கோடுகள் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. பீக் சிறியதுதான். மொத்தப் பரப்பைப் பார்த்தால் சாம்பலிடம் தோற்ற மாதிரியே தெரியும். ஆனால் அந்தச் சிறிய பீக் சொன்ன எண்ணை நம்ப முடிந்தது. பாலிஅக்ரிலேட் முனைவுத்தன்மை உள்ள பூச்சு. ஃபீனால் வகைகள் அதனுள் விரும்பிப் போகும். டெர்பீன்களுக்கு அங்கே பெரிய வரவேற்பு இல்லை. உங்களுக்கு வேண்டியதே அந்தப் பாரபட்சம்தான். குறை என்றால், அது இறுக்கமான பாலிமர். பொருள் உள்ளே ஊடுருவ நேரமெடுக்கும், வெளியே வரவும் நேரமெடுக்கும். 15 நிமிடத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நினைத்தால் நடக்காது.

இதை நீங்களே ஒரே நாளில் சோதித்துப் பார்த்துவிடலாம். சீசன் வரை காத்திருக்கத் தேவையில்லை, போன வருடத்து உறைகூழ் போதும். பெங்களூராவில் ஒரு தொகுதி, அல்போன்சாவில் ஒரு தொகுதி, இரண்டிலும் ஒரே அளவுகளில் குவாயகால். எந்த ஃபைபரில் இரண்டு கோட்டின் சரிவும் ஒத்துப் போகிறதோ அதுதான் எண்ணிக்கைக்கானது. இன்டர்னல் ஸ்டாண்டர்டு (ஒவ்வொரு சாம்பிளிலும் தெரிந்த அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள்) போட்டால் இந்தச் சண்டையே இல்லையே என்று கேட்பீர்கள். சரிதான், டியூட்டீரியம் என்கிற கன ஹைட்ரஜன் ஏற்றிய குவாயகாலும் அதே பந்தியில் அதே நேரம் எழுப்பப்படும், விகிதம் பெரும்பாலும் காப்பாற்றப்படும். கட்டாயம் போடுங்கள். ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. குவாயகாலின் முக்கிய நிறை எண்கள் 124, 109. மூலக்கூறிலிருந்து மீத்தைல் கழன்றால் 109. மெத்தாக்சியில் மூன்று டியூட்டீரியம் உள்ள ஸ்டாண்டர்டு வாங்கினால் அதன் நிறை 127. அதிலிருந்து கழல்வது டியூட்டீரியம் ஏறிய அதே மீத்தைல், மிச்சம் மறுபடி அதே 109. இரண்டும் காலத்தில் ஒட்டி ஒட்டி வரும். 109-ஐ வைத்து அளந்தால் ஸ்டாண்டர்டையும் சேர்த்துக் குவாயகால் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். 124-க்கும் 127-க்கும் விகிதம் எடுங்கள். அல்லது வளையத்தில் நான்கு டியூட்டீரியம் உள்ளதை வாங்குங்கள், அதில் 128, 113 என்று தனியாக வரும்.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. 20 மில்லி குப்பியில் 5 கிராம் கூழ், கொஞ்சம் தண்ணீர், கரைகிற வரை உப்பு. லேபில் எல்லோரும் குப்பியை வயல் என்பார்கள். என் அப்பா ஒருமுறை நான் போனில் “வயல்ல உப்பு போட்டியா” என்று யாரிடமோ கேட்டதைக் கேட்டுப் பதறிப்போனார். உப்பு போடுவது பொருளைத் தண்ணீரிலிருந்து ஆவிக்குத் துரத்த. 50 டிகிரி, ஆட்டிக்கொண்டே, 30 முதல் 40 நிமிடம் ஃபைபரை ஆவியில் வையுங்கள். 80 டிகிரிக்கு ஏற்றினால் பீக் பெரிதாகும் என்று ஆசைப்படாதீர்கள். கூழிலிருக்கும் சர்க்கரை சூட்டில் ஃபர்ஃபியூரல் போன்றவற்றைப் புதிதாகத் தயாரிக்கும், பூச்சின் பிடியும் சூட்டில் தளரும். இன்ஜெக்டர் 280 டிகிரி, ஸ்ப்ளிட்லெஸ் (ஒரு பங்கை வெளியே விடாமல் முழுவதையும் உள்ளே அனுப்புவது), ஐந்து நிமிடம். இன்ஜெக்டருக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயான லைனர் 0.75 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குறுகியது போடுங்கள். சாதாரண அகல லைனரில் முன்னால் வரும் பீக்குகள் சப்பி வரும்.

புதிய வெள்ளைத் தலை ஃபைபரை 280 டிகிரியில் ஒரு மணி நேரம் கண்டிஷன் செய்ததும் (முதல் உபயோகத்துக்கு முன் சூடாக்கிச் சுத்தம் செய்வது) பூச்சு பழுப்பாகும். பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஆனால் இன்னொரு பழுப்பு இருக்கிறது. ஆவியில் நீட்டுவதற்குப் பதில் நேரே கூழில் முக்கினால் அதிகம் பிடிக்குமே என்று ஒருமுறை எனக்குப் புத்தி போயிற்று. எடுத்துத் துடைக்காமல் இன்ஜெக்டரில் குத்தினேன். கூழின் சர்க்கரையும் நாரும் பூச்சில் ஒட்டிக்கொண்டு 250 டிகிரியில் பாகாகி, கரிந்து, இழை வெல்லப்பாகு தடவிய குச்சி மாதிரி வெளியே வந்தது. ஊசிக்குள் திரும்பப் போகவில்லை; கொஞ்சம் அழுத்தினேன், டக்கென்று உடைந்தது. உடைந்த துண்டு லைனருக்குள். அந்தச் சாம்பிளில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. முக்கியே ஆகவேண்டும் என்றால் அதற்கென்று வெளியே இன்னொரு பிடிஎம்எஸ் உறை போட்ட ஃபைபர் வருகிறது, அதையும் ஒவ்வொரு முறையும் தண்ணீரில் அலசிய பிறகே சூட்டுக்கு அனுப்ப வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை.

பழ மணத்துக்குச் சாம்பல் நன்றாக உதவும். நல்ல டிரம்மையும் கெட்ட டிரம்மையும் அடுத்தடுத்து, எல்லா நிறை எண்களையும் பார்க்கும் ஸ்கேன் மோடில் ஓட்டி, எது கூடியிருக்கிறது என்று படத்தின்மேல் படம் வைத்துப் பாருங்கள். குவாயகால்தான் குற்றவாளி என்று நான் முடிவு கட்டிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டைபுரோமோஃபீனால் போன்றவையும் மருந்து வாடை தரும், அவற்றை முதலில் காட்டிக்கொடுப்பதும் சாம்பல்தான். அப்படிப் பார்க்கும்போது 73, 207, 281 என்ற நிறை எண்களோடு வரிசையாக நிற்கும் பீக்குகளைக் கண்டால் மாம்பழத்தில் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாகக் குதிக்க வேண்டாம், அது சிலிக்கோன், ஃபைபரோ, இன்ஜெக்டரின் ரப்பர் மூடியான செப்டமோ, காலமோ உருகுவது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அல்போன்சாவின் அந்தக் கற்கண்டு இனிப்பு வாசத்துக்குக் காரணமான ஃபியூரனியால், தண்ணீரை விட்டு எழுந்து வரவே சோம்பல்படும் பொருள். ஆவியில் நீட்டும் எந்த ஃபைபரிலும் அது தன் தகுதிக்கு ஏற்ற பீக்காக வராது. அல்போன்சா கூழில் பெங்களூரா கலந்திருக்கிறதா என்று சாம்பல் ஃபைபரின் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று இதனால்தான் சொல்வேன்.

ஃபைபரின் பூச்சு போதவில்லை என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. 1999இல் வந்த ஸ்டிர் பார் (பூச்சுள்ள கலக்கும் காந்தக் குச்சி) முறையில் அதே பிடிஎம்எஸ் 24 மைக்ரோலிட்டரும் அதற்கு மேலும் இருக்கும், ஃபைபரை விட 40 மடங்கு. ஆனால் அதைச் சூடாக்கி ஜிசிக்குள் அனுப்பத் தனி யூனிட் வேண்டும், அதன் விலையைச் சொன்னால் உங்கள் முதலாளி இரண்டு ஃபைபரையும் சேர்த்து வேண்டாம் என்பார். குவாயகாலுக்குப் பூச்சின் கனத்தை விட அதன் குணம்தான் முக்கியம் என்பதால் விட்டுவிடுங்கள்.

பூச்சிமருந்து. இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மாவில் தத்துப்பூச்சிக்கு அடிக்கிற இமிடாகுளோபிரிட் ஆவியாகாது. குப்பியின் ஆவியில் ஃபைபரை நாள் முழுக்க நீட்டினாலும் வராது, வந்தாலும் ஜிசி சூட்டில் நிற்காது. அதற்கு 2003இல் வெளியான குவெச்சர்ஸ் முறை. 10 கிராம் கூழ், 10 மில்லி அசிட்டோநைட்ரைல், 4 கிராம் மக்னீசியம் சல்ஃபேட், 1 கிராம் உப்பு, குலுக்கு, சுழற்று. அங்கே உறிஞ்சும் பொடிகளின் வேலை தலைகீழ்: மருந்தைப் பிடிப்பதில்லை, கூட வந்த குப்பையைப் பிடிக்கும். பிஎஸ்ஏ பொடி சர்க்கரையையும் அமிலங்களையும் எடுக்கும். சி18 கொழுப்புக்கு, மாங்கூழுக்கு அவ்வளவாகத் தேவையில்லை. மஞ்சள் நிறம் போகவில்லையே என்று கரிப்பொடியை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அது நிறத்தோடு சேர்த்துத் தட்டையான மூலக்கூறுகளையும் விழுங்கும், தையாபெண்டசோல் அப்படிக் காணாமல் போகும். அப்புறம், ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரித்து அளக்கும் எல்சி-எம்எஸ். உங்களிடம் அது இல்லாவிட்டால் வெளியே கொடுங்கள்.

நடுவில் ஒன்று. இந்த இரண்டு மாவட்டத்திலும் லேபில் வேலை என்று வாயெடுத்தாலே, “எங்க போர் தண்ணியில ஃப்ளோரைடு பாத்துச் சொல்லுங்க சார்” என்பார்கள். உங்களிடமும் கேட்டிருப்பார்கள். அதற்கு ஃபைபரும் வேண்டாம், ஜிசியும் வேண்டாம். ஃப்ளோரைடு மின்முனை ஒன்றும் பஃபர் பாட்டில் ஒன்றும் போதும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் தொழிற்சாலையில் கூழ் நீர்க்க போர் தண்ணீர்தான் என்றால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் தம்பியின் கம்பி. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் கிராஃபீன் ஆக்சைடு, உலோக-கரிமச் சட்டகம், தேடும் மூலக்கூறின் அச்சுப் பதித்த பாலிமர் என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வருகின்றன. தம்பியைத் தடுக்காதீர்கள், நல்ல வேலை. ஆனால் அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு வாக்கியம் இருக்கும்: கடையில் கிடைக்கும் பிடிஎம்எஸ்ஸை விட இத்தனை மடங்கு அதிகம் பிடித்தது என்று. ஃபீனாலுக்குப் பிடிஎம்எஸ்ஸோடு ஓட்டப்பந்தயம் வைத்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்? வெள்ளைத் தலையோடு ஒப்பிட்டானா என்று கேளுங்கள். சுத்தமான தண்ணீரில் சோதித்தானா, கூழில் சோதித்தானா? ஒரே நாளில் செய்த மூன்று கம்பிகளும் ஒரே பீக் தருகின்றனவா? ஐம்பதாவது ஓட்டத்தில் பூச்சு உதிராமல் இருக்கிறதா? அச்சுப் பாலிமர் என்றால் அச்சுக்குப் பயன்படுத்திய பொருளே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். குவாயகாலையே அச்சாக வைத்திருந்தால் வெற்றுக் கூழிலும் குவாயகால் தெரியும். இந்தக் கேள்விகளுக்கு அவனிடம் பதில் இருந்தால் அவனுடைய கம்பியை உங்கள் வெள்ளைத் தலைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பாருங்கள். வாங்கியவருக்குப் போகும் ரிப்போர்ட்டை மட்டும் அதை வைத்து எழுத வேண்டாம்.

ஃபைபர் ஆர்டர் போட்டு வந்து சேர வாரங்கள் ஆகும். அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. புகார் வந்த லாட்டின் ரிட்டென்ஷன் சாம்பிளை (அனுப்புமுன் எடுத்து வைத்திருப்பதை) எடுங்கள், அதே நாள் நிரப்பிய நல்ல டிரம்மின் சாம்பிளையும் கூடவே எடுங்கள். 80 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, அலிசைக்ளோபேசில்லஸ் வளர்க்கும் பிஏடி அகாரில் பரப்பி 45 டிகிரியில் ஐந்து நாள் வையுங்கள். உங்கள் மைக்ரோபயாலஜி ஆளுக்கு இது தெரிந்த வேலைதான். முளைத்த காலனிகளை வனிலிக் அமிலம் போட்ட திரவத்தில் வளர்த்து, பெராக்சிடேஸ் நொதியும் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டால், குவாயகால் உண்டாக்கும் ஜாதியாக இருந்தால் திரவம் பழுப்பாகிவிடும். கூழிலேயே நேரே விட்டுப் பார்க்காதீர்கள், அதன் மஞ்சளில் அந்தப் பழுப்பு தெரியாது. சோதனைக் குழாய் பழுப்பாகிவிட்டால் வெள்ளைத் தலை ஃபைபரை மட்டும் முதலில் வாங்குங்கள். பழுப்பாகவில்லை என்றால் சாம்பலை முதலில்.